காசநோய்க்குச் சோறும் மருந்து

அரிசி 5 கிலோ, வறுகடலை மாவு 3 கிலோ, பால் பவுடர் ஒன்றரைக் கிலோ, எண்ணெய் அரை லிட்டர், ஒரு மாதத்துக்கான சத்து மாத்திரை. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் காசநோய்க்கு அரசு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த 2,800 பேருக்கு மாதாமாதம் இந்தப் பை போய்ச் சேர்ந்தது. பெரும்பாலோருக்கு ஆறு மாதம். 2019 ஆகஸ்டில் ஆரம்பித்த ஆய்வு அது. நடுவில் கொரோனா வந்து நாடே முடங்கியபோதும் அது நிற்கவில்லை. மருத்துவர்கள் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் முன்னின்று நடத்திய அந்த ஆய்வில் சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் பங்கு உண்டு.

ஆய்வில் சேர்ந்தபோது அந்த நோயாளிகள் இருந்த நிலையை முதலில் சொல்லிவிட வேண்டும். 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இருக்க வேண்டிய எடையில் இல்லை. ஏறக்குறைய பாதிப்பேருக்கு, உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. 16-க்கும் கீழே. ஐந்தேகால் அடி உயரமுள்ள ஒரு மனிதர் 41 கிலோகூட இல்லை என்றால் அதுதான் அந்த அளவு. வேலைக்குப் போகத் தெம்பிருந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர். மருந்தும் உணவும் ஆறு மாதம் சேர்ந்து உள்ளே போனபிறகு நால்வரில் மூவர் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். கூலி வேலை செய்து பிழைக்கும் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய செய்தி வேறில்லை.

இன்னொரு கணக்கு. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 விழுக்காடு கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 விழுக்காடு குறைவாக இருந்தது. 40 கிலோ ஆள் 42 கிலோ ஆவதுதான் அந்த 5 விழுக்காடு. எடை கூடியதால் பிழைத்தார்களா, பிழைக்கும் நிலையில் இருந்ததால் எடை கூடியதா என்று இந்தக் கணக்கை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் இதே ஆய்வின் இன்னொரு பாதியில் அந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லை.

நோயாளிகளோடு ஒரே வீட்டில் இருந்த 10,345 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். எந்தப் பகுதி எந்தப் பிரிவு என்பது குலுக்கல் முறையில் முடிவானது. இரண்டு பிரிவிலும் நோயாளிக்குப் பை உண்டு. ஒரு பிரிவில் மட்டும் வீட்டில் மற்றவர்களுக்கும் உணவு கிடைத்தது: ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பு, சத்து மாத்திரை. ஏறக்குறைய இரண்டு ஆண்டு தொடர்ந்து கவனித்ததில், உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. சளிப் பரிசோதனையில் உறுதியாகும் நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்துக்கொண்டால் 48 விழுக்காடு. 2023 ஆகஸ்டில் லான்செட் இதழ்களில் இந்த முடிவுகள் வெளிவந்தன. அரிசியும் பருப்பும் தடுப்பு மருந்தின் வேலையைச் செய்திருக்கின்றன.

உலகத்தின் காசநோயாளிகளில் நால்வரில் ஒருவர் இந்தியர். அப்படிப்பட்ட நாட்டில் இந்த முடிவு எல்லார் வாயிலும் புழங்கியிருக்க வேண்டும். புழங்கவில்லை என்பதால்தான் இந்தக் கட்டுரை.

நோய் ஆளைத் தின்னும் விதம்

காசநோய்க் கிருமி உடம்புக்குள் புகுந்துவிட்டால் உடனே நோய் வந்துவிடாது. நம்மில் பலருக்குள் அது உறங்கிக் கிடக்கிறது. உடம்பின் எதிர்ப்பு அதைச் சுற்றிவளைத்து அடைத்து வைத்திருக்கிறது. அந்தக் காவலுக்குப் புரதம் வேண்டும், சக்தி வேண்டும். சாப்பாடு குறையும்போது காவல் தளர்கிறது. பி.எம்.ஐ. ஒரு புள்ளி இறங்கினால் காசநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 14 விழுக்காடு ஏறுகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துக் கண்டறிந்திருக்கிறார்கள்.

நோய் வந்துவிட்டால் நிலைமை தலைகீழ். இப்போது நோய்தான் சாப்பாட்டைக் குறைக்கிறது. மாலைக் காய்ச்சல் சக்தியை எரிக்கிறது. பசி போய்விடுகிறது. இருமி இருமிச் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. உள்ளே வருவது போதாதபோது உடம்பு தன் தசையையே கரைத்துக்கொள்கிறது. கன்னம் ஒட்டுவதும் தோள்பட்டை எலும்பு துருத்துவதும் நம் கண்ணுக்குத் தெரிகிறது. மூச்சை இழுத்து விடும் தசைகளும் கூடவே மெலிவது தெரிவதில்லை. சளியைக் காறித் துப்பக்கூடத் தெம்பில்லாமல் போவது அதனால்தான்.

மாத்திரை கிருமியைக் கொல்லும். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து; இதை ஒருநாள்கூட விடாமல் சாப்பிட்டால் நோய் குணமாகும். இதில் எந்த மாற்றுக் கருத்துக்கும் இடமில்லை. முட்டையும் பாலும் மாத்திரைக்குப் பதில் ஆகாது. ஆனால் கரைந்துபோன தசையை எந்த மாத்திரையும் திருப்பித் தராது. அதைச் சாப்பாடுதான் கட்டியெழுப்ப வேண்டும்.

சென்னை சொன்னதும் உலகம் கேட்டதும்

சாப்பாட்டின் அருமை ஒரு காலத்தில் எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. புறநகர் ரயிலில் போகிறவர்கள் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனைத் தினமும் தாண்டுகிறார்கள். டாக்டர் சவரிமுத்து 1928-இல் அங்கே தொடங்கிய காசநோய் விடுதியால் வந்த பெயர் அது. அந்தக் காலத்தில் மருந்து கிடையாது. காற்றோட்டம், ஓய்வு, சத்தான சாப்பாடு இவைதான் வைத்தியம். வசதியுள்ளவர்களுக்கும் இடம் கிடைத்தவர்களுக்கும் அது உதவியது. மற்றவர்கள் வீட்டில் கிடந்து செத்தார்கள்.

1940-களிலும் 50-களிலும் மருந்துகள் வந்தன. அப்போது சென்னையில் ஒரு பெரிய கேள்விக்கு விடை தேடினார்கள். ஏழை நோயாளியைச் சானடோரியத்தில் வைக்காமல், வீட்டிலேயே இருக்கவைத்து மாத்திரை கொடுத்தால் குணமாகுமா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் கைகோத்து 1956-இல் சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமை தாங்கினார். நகரத்தின் நெருக்கடியான ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வந்த 193 நோயாளிகளில் ஒரு பகுதியினர் வீட்டிலிருந்தும் மற்றவர்கள் சானடோரியத்திலும் ஓராண்டு சிகிச்சை பெற்றார்கள். மருந்து இரு தரப்புக்கும் ஒன்றுதான். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. வீட்டில் இருந்ததைச் சாப்பிட்டு, முடிந்த வேலையையும் பார்த்தார்கள்.

1959-இல் முடிவு வெளிவந்தது. கிருமி ஒழிவதில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டிலிருந்தவர்களால் குடும்பத்துக்குத் தொற்றும் கூடிவிடவில்லை. உலகம் முழுக்க இந்த ஒரு முடிவு சானடோரியங்களை மூடவைத்தது. கோடிக்கணக்கான ஏழைகளுக்கு வீட்டு வாசலில் சிகிச்சை கிடைக்க வழி திறந்தது. சென்னை உலகுக்குக் கொடுத்த மாபெரும் கொடைகளில் ஒன்றாக இதை நான் மதிக்கிறேன்.

அதே ஆய்வில் இன்னொன்றும் பதிவானது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை கூடுதலாக ஏறியது. கிருமி ஒழிய மருந்து போதும், நல்ல சாப்பாடு கட்டாயமில்லை என்று அந்த மையம் பிறகு எழுதியது. கேட்ட கேள்விக்கு அது சரியான விடைதான். ஆனால் காலப்போக்கில் அந்த விடை தன் எல்லையைத் தாண்டிவிட்டது. காசநோய்க்குச் சாப்பாடே முக்கியமில்லை என்ற அளவுக்கு அதை நீட்டிக்கொண்டோம். மாத்திரையை எண்ணிக் கொடுத்தோம், விழுங்குவதைக் கண்ணால் பார்த்தோம், சளியைச் சோதித்தோம். எடையையும் குறித்தோம், மாத்திரை அளவைக் கணக்கிட. அந்த எடை 35 கிலோவாக இருந்தால் அதற்கென்று தனியாக எதுவும் செய்யவில்லை. சானடோரியத்தோடு சேர்த்து அதன் சமையலறையையும் மூடிவிட்டோம் என்பதுதான் எனக்குள்ள வருத்தம். அந்தச் சேத்துப்பட்டு மையமே இன்று தேசிய நிறுவனமாக வளர்ந்து ஜார்க்கண்ட் ஆய்வில் இணைந்து, விடுபட்ட பாதியை எழுதியிருக்கிறது.

கணுக்காலில் ஒரு கட்டைவிரல்

2022 ஏப்ரலில் தமிழ்நாடு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம். சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் மாநிலக் காசநோய்ப் பிரிவும் சேர்ந்து உருவாக்கியது. ஒரு மாநிலம் முழுக்க இப்படிச் செய்வது இந்தியாவில் அதுவே முதல்முறை.

செய்வது மிக எளிய காரியம். நோய் உறுதியானவுடன் நோயாளியை எடை மெஷினில் ஏற்றுகிறார்கள், உயரம் அளக்கிறார்கள். பிறகு பணியாளர் குனிந்து நோயாளியின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்கிறார். விரலை எடுத்ததும் குழி அப்படியே நின்றால் உடம்பில் நீர் கோத்திருக்கிறது. அப்படியானால் மெஷின் காட்டும் எடையில் ஒரு பங்கு வெறும் நீர், நிஜ எடை அதைவிடக் குறைவு. ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுகிறார்கள். விரல் நுனியில் ஆக்சிமீட்டரை மாட்டுகிறார்கள். எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்கச் சொல்கிறார்கள். பி.எம்.ஐ. 14-க்குக் கீழே இருந்தாலோ, 16-க்குக் கீழே இருந்து காலில் வீக்கமும் இருந்தாலோ, மூச்சு நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டினாலோ, ஆக்சிஜன் 94-க்குக் குறைந்தாலோ, தானாக நிற்க முடியாவிட்டாலோ அவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கவனிக்க வேண்டும். காசநோயில் சாகிறவர்களில் பலர் சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே சாகிறார்கள். மாத்திரை வேலை செய்து முடிக்கும்வரை உடம்பு தாங்குவதில்லை. அவர்களை முதல் நாளிலேயே அடையாளம் காணத்தான் இத்தனையும்.

மிகவும் மெலிந்தவருக்குச் சாப்பாடு கொடுப்பதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. பல வாரம் பட்டினியாகக் கிடந்த உடம்புக்கு ஒரேயடியாக நிறையச் சோற்றையோ சர்க்கரையையோ குளுகோஸையோ கொடுத்தால் இன்சுலின் திடீரென்று சுரக்கும். ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளப்பட்டு ரத்தத்தில் அவற்றின் அளவு சரிந்துவிடும். இதயத் துடிப்பு தடுமாறும். உயிரே போகலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து சிறைமுகாம்களிலிருந்து மீண்டவர்களில் சிலர் சாப்பிட ஆரம்பித்த பிறகு இறந்தது இப்படித்தான். அதனால் எலும்பும் தோலுமாக இருப்பவருக்கு முதல் சில நாள் மருத்துவர் கண்காணிப்பில், தயமின் என்ற பி1 சத்தும் சேர்த்து, சிறுகச் சிறுகத்தான் ஏற்ற வேண்டும். பாசத்தில் தட்டு நிறையப் போட்டுவிடக் கூடாது.

ஆனால் அந்த முதல் கட்டம் தாண்டியதும் தாராளமாகவே வேண்டும். 1944–45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் தாமாக முன்வந்த 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைவயிறாக வைத்து, பிறகு அவர்கள் தேறும் விதத்தை அளந்தார். விட்டமினும் கூடுதல் புரதமும் மட்டும் கொடுத்துப் பயனில்லை, மொத்தச் சாப்பாடு கூடினால்தான் உடம்பு தேறுகிறது என்று கண்டார். நம் ஊரில் நோயாளி வீட்டுக்குப் பார்க்க வருகிறவர்கள் டானிக் பாட்டிலும் புரோட்டீன் பவுடர் டப்பாவும் வாங்கி வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த 36 பேர் நினைவுக்கு வருவார்கள். அந்தக் காசுக்கு இரண்டு அட்டை முட்டை வாங்கிக் கொடுங்கள்.

அடுப்படிக் கணக்கு

காசநோயாளிக்கு, அவர் உயரத்துக்கு இருக்க வேண்டிய எடையில் கிலோவுக்கு 40 கலோரி, 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்பது மத்திய அரசின் வழிகாட்டி சொல்லும் அளவு. 50 கிலோ இருக்க வேண்டியவருக்கு நாளுக்கு 2,000 கலோரி, 60 முதல் 75 கிராம் புரதம். கேட்க மலைப்பாக இருக்கும். அரிசி 250 கிராம், துவரம் பருப்பு 60 கிராம், முட்டை இரண்டு, பால் 400 மில்லி, வேர்க்கடலை ஒரு கைப்பிடி, பொட்டுக்கடலை ஒரு கைப்பிடி, சமையலுக்கு இரண்டு கரண்டி எண்ணெய், கீரையோ காயோ கிடைத்தது. அவ்வளவுதான், இரண்டு அளவும் எட்டிவிடும். இதில் கடையில் தேடி அலைய வேண்டிய பொருள் ஒன்றுகூட இல்லை. முட்டை சாப்பிடாதவர்கள் சுண்டலையும் தயிரையும் கூட்டிக்கொள்ளலாம்.

கஷ்டம் என்னவென்றால் நோயாளிக்குச் சாப்பிடப் பிடிக்காது. வாய் கசக்கும், குமட்டும். அந்த நாட்களுக்குச் சத்துமாவுக் கஞ்சியைப் போல் கைகொடுப்பது எதுவுமில்லை. கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு, வேர்க்கடலை நான்கையும் தனித்தனியாக வெறும் சட்டியில் போட்டு, வாசம் வரும்வரை, கருகாமல் வறுக்க வேண்டும். ஒன்றாகப் போட்டால் பயறு சிவக்குமுன் கம்பு தீய்ந்துவிடும். பொட்டுக்கடலையை லேசாகச் சூடு காட்டினால் போதும். ஆறவைத்து மிஷினில் கொடுத்து அரைத்து வைத்துக்கொண்டால் மாதம் ஓடும். இரண்டு கரண்டி மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் பாலில் ஊற்றிக் கிண்டி, வெல்லம் போட்டு, இறக்கும்போது ஒரு ஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ விட வேண்டும். குடிக்கும் அளவு கூடாமலே கலோரி கூடிவிடும். காலை பத்து மணிக்கு ஒரு தம்ளர், ராத்திரி படுக்கப் போகுமுன் ஒரு தம்ளர்.

மாத்திரை சூடு, முட்டை சூடு, இரண்டும் சேரக் கூடாது என்று பத்தியம் வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தயிர் சளி பிடிக்கும், வாழைப்பழம் சளி பிடிக்கும் என்று அதையும் நிறுத்துகிறார்கள். அன்பினால் செய்வதுதான், ஆனால் மெலிந்தவரை மேலும் மெலியவைக்கும் காரியம். காசநோய் மருந்துக்கு இந்தப் பத்தியங்கள் தேவையில்லை. தேவையானவை வேறு சில. அந்த மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் வெறும் வயிற்றில் நன்றாக உடம்பில் சேரும். குமட்டல் தாங்கவில்லை என்றால் மாத்திரையை நிறுத்தாமல், லேசான ஆகாரத்தோடு சாப்பிடலாமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். இன்னொரு மருந்தான ஐசோனியசிட் உடம்பிலுள்ள பி6 சத்தைக் குறைக்கும். கால் மரத்துப்போவதும் எரிவதும் அதனால்தான், அந்தச் சத்தைத் தரும் பிரிடாக்சின் மாத்திரையைத் தவறவிடக் கூடாது. சாராயத்தை அறவே விட வேண்டும், அதே ஈரலைத்தான் மாத்திரையும் பாடுபடுத்துகிறது.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 1970-களில் இலங்கையில் காசநோய்க்கு மருந்து சாப்பிட்ட சிலருக்குச் சூரை மீன் சாப்பிட்டவுடன் முகம் சிவந்து, தலைவலித்து, நெஞ்சு படபடத்தது. அங்குள்ள மார்புநோய் மருத்துவர்கள் காரணத்தைத் தேடிக் கண்டார்கள். ஐஸில் சரியாக வைக்காத சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் ஹிஸ்டமின் உண்டாகும். அதை உடைக்கும் நொதியை ஐசோனியசிட் தடுத்துவிடுகிறது. அதற்காக மீனையே ஒதுக்கத் தேவையில்லை. நெத்திலியும் மத்தியும் ஏழைக்குக் கிடைக்கும் நல்ல புரதம். எந்த மீனானாலும் அன்று பிடித்த புது மீனாக இருக்க வேண்டும். சூரையை மட்டும் மருந்து முடியும்வரை தள்ளி வைக்கலாம்.

சர்க்கரை நோயும் சேர்ந்திருப்பவர்கள் பாடு இன்னும் சிக்கல். தமிழ்நாட்டில் காசநோயாளிகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்குச் சர்க்கரை இருப்பதாக 2012-இல் வெளியான ஆய்வு கண்டது. சர்க்கரைக்குப் பயந்து சோற்றைப் பாதியாக்கி, பாதிப் பசியோடு எழுந்துவிடுகிறார்கள். அவர்கள் குறைக்க வேண்டியது இனிப்பையும் வெள்ளைச் சோற்றின் பங்கையும்தான். பருப்பு, முட்டை, மீன், கடலை, காய் இவற்றைக் கூட்டி மொத்த அளவைக் காக்க வேண்டும்; சர்க்கரையை மருந்தோ இன்சுலினோ பார்த்துக்கொள்ளும்.

தட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காசநோய் காற்றில் பரவுகிறது, இருமும்போது பரவுகிறது. தட்டிலும் தம்ளரிலும் பரவாது. தனித்தட்டு போட்டுத் திண்ணையில் உட்காரவைக்கப்பட்ட ஒருவருக்கு எப்படிச் சோறு இறங்கும்? அவருக்குப் பக்கத்தில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், இருமும்போது வாயை மூடச் சொல்லுங்கள், கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். நோயாளி வீட்டுப் பெண்ணாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். எல்லாருக்கும் போட்டுவிட்டுச் சட்டியில் மிஞ்சியதைத் தின்று பழகியவள் அவள். ஆறு மாதத்துக்காவது அந்த வீட்டில் முதல் தட்டு அவளுக்கு வைக்கப்பட வேண்டும்.

ரேஷன் கடை செய்யக்கூடியது

மத்திய அரசு 2018 ஏப்ரலிலிருந்து காசநோயாளிக்கு உணவுக்காக மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். நாளுக்கு 33 ரூபாய். இரண்டு முட்டையும் அரை லிட்டருக்குக் குறைந்த பாலும் வாங்கலாம். கைக்கு நேரத்தோடு வந்தால் அதுவே பெரிய உதவி. வங்கிக் கணக்கும் ஆதாரும் ஒத்துப்போகாமல் பணம் தாமதமாகிறவர்களுக்கு, மிகவும் தேவைப்படும் முதல் இரண்டு மாதம் வெறுங்கையாகப் போய்விடுகிறது.

அந்தப் பணமும் நோயாளிக்கு மட்டும்தான். வீட்டில் மற்றவர்களுக்கு, கொடையாளர் முன்வந்தால் உணவுப் பை உண்டு. முன்வந்து கொடுப்பவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் புதிதாக நோய் வருவது 39 விழுக்காடு குறைகிறது என்று நிரூபணமான ஒரு காரியத்தை யாருடைய தயவுக்கும் விட்டுவைப்பது முறையல்ல. தடுப்பூசிக்கு நாம் கொடையாளரைத் தேடுவதில்லை.

தமிழ்நாட்டில் அரிசி இலவசம், எல்லார்க்கும் ரேஷன் கடை உண்டு, கார்டுக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஜார்க்கண்ட் ஆய்வில் பெரியவர்களுக்குத் தலைக்கு ஒன்றரைக் கிலோ கொடுத்தார்கள். நாலு பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு ஆறு கிலோ. ஆக, இங்கே குறைவது மாதம் ஐந்து கிலோ பருப்பு. காசநோயாளிகளின் பெயரும் முகவரியும் அரசுப் பதிவில் ஏற்கனவே இருக்கின்றன. அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாமல், அந்தக் குடும்பத்தின் கார்டில் ஆறு மாதத்துக்கு ஐந்து கிலோ பருப்பைக் கூடுதலாக ஏற்றிவிட முடியும். ஒரு வீட்டுக்கு மொத்தம் 30 கிலோ. அடுத்த பட்ஜெட்டில் சுகாதாரத் துறையும் உணவுத் துறையும் ஒன்றாக உட்கார்ந்து இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்.